விடுபட்ட புள்ளிகள்

சோதனையில் கிடைத்த எண்களை எப்படி ஆராய்வது, எப்படி எடுத்துச் சொல்வது? 14 விண்வெளி வீரர்களைப் பலிகொண்ட இரண்டு விபத்துகள் கற்றுத்தரும் பாடம்.

1986 ஜனவரி 27, இரவு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் மார்ட்டன் தியோகால் நிறுவனத்திலிருந்து 13 தாள்கள் ஃபேக்ஸில் பறந்தன. மறுநாள் காலை ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்ப வேண்டிய சேலஞ்சர் விண்ணோடத்தின் உந்து ராக்கெட்டுகளைத் தயாரித்தது இந்த நிறுவனம்தான். ஃப்ளோரிடாவில் அன்றிரவு குளிர் உறைநிலைக்கும் கீழே போகும் என்ற தகவல் கிடைத்ததும் எஞ்சினியர்கள் கலங்கிப்போனார்கள். கிடைத்த சில மணி நேரத்தில் அவசர அவசரமாக அந்தத் தாள்களைத் தயாரித்தார்கள். பல தாள்கள் கையால் எழுதப்பட்டவை. விண்ணோடத்தை நாளை கிளப்ப வேண்டாம் என்பதுதான் அவற்றின் சாரம்.

அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் அதிகாரிகளும் தியோகால் எஞ்சினியர்களும் தொலைபேசி வழியே மணிக்கணக்கில் விவாதித்தார்கள். நள்ளிரவை நெருங்கும் வேளையில் முடிவு தலைகீழானது. மறுநாள் காலை 11.38 மணிக்கு சேலஞ்சர் கிளம்பியது. 73 வினாடிகளில் வானத்தில் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் மாண்டார்கள்.

விபத்துக்கான காரணம் சில மாதங்களில் தெளிவாகிவிட்டது. ஆனால் அந்த 13 தாள்களைப் பற்றிய விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. எஞ்சினியர்களின் பயம் நியாயமானது. அதற்கான ஆதாரமும் இருந்தது. பிறகு ஏன் அந்த ஆதாரம் எடுபடவில்லை? சோதனைச் சாலையில் எண்களோடு பழகும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

ரப்பர் வளையத்தின் கதை

விண்ணோடத்தின் உந்து ராக்கெட்டுகள் ஒரே துண்டாகச் செய்யப்பட்டவை அல்ல. யூட்டாவில் பகுதி பகுதியாகத் தயாரிக்கப்பட்டு, ரயிலில் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்கே ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டவை. இணைப்புகளின் வழியே எரியும் வாயு கசியாமல் தடுக்க ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு ரப்பர் வளையங்கள். சுமார் 12 அடி விட்டமுள்ள ராக்கெட்டைச் சுற்றிக் கிடக்கும் இந்த வளையத்தின் கனம் வெறும் கால் அங்குலம். பெயர் ஓ-ரிங். ராக்கெட் பற்றவைக்கப்பட்டதும் ஏற்படும் அழுத்தத்தில் இணைப்பு லேசாக விரிந்துகொடுக்கும். அந்தக் கணமே ரப்பரும் விரிந்து இடைவெளியை அடைக்க வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துப்போனால் அது தாமதமாகும்.

ராக்கெட்டுகள் கடலில் விழுந்தபின் மீட்கப்பட்டு, பிரித்துப் பார்க்கப்பட்டன. அப்படிப் பார்த்தபோது சில பயணங்களில் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்த கரி படிந்திருந்தது. 1985 ஜனவரியில் நடந்த பயணத்தில்தான் பாதிப்பு மிக மோசம். அன்று வளையத்தின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸ். அதுவரை நடந்த பயணங்களில் அதுவே மிகக் குளிரானது. ரோஜர் பாய்ஷோலி என்ற தியோகால் எஞ்சினியர் இதைப் பார்த்து அதிர்ந்தார். இந்தப் பிரச்சினையைத் தீர்க்காவிட்டால் உயிரிழப்பு நேரும் என்று 1985 ஜூலையிலேயே நிறுவனத்தின் மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார்.

ஜனவரி 27 இரவு விவாதத்துக்கு வந்த தாள்களில் ஒன்று, வளையங்களின் வெப்பநிலைப் பட்டியல். அதுவரை நடந்திருந்தவை 24 பயணங்கள். பட்டியலில் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, 53 டிகிரியில் நடந்த 1985 ஜனவரிப் பயணம். மற்றொன்று, அதே ஆண்டு அக்டோபரில் 75 டிகிரியில் நடந்த பயணம். மீதி, தரையில் படுக்கை வசமாக வைத்து எரித்துப் பார்த்த சோதனைகள். எந்தப் பயணத்தில் என்ன பாதிப்பு என்ற விவரம் வேறொரு தாளில் இருந்தது. அதில் வெப்பநிலை இல்லை. இரண்டையும் ஒரே படத்தில் சேர்த்துக் காட்டும் தாள் அந்த 13-ல் ஒன்றுகூட இல்லை.

நாசா அதிகாரிகள் பிடித்துக்கொண்டது 75 டிகிரிப் பயணத்தைத்தான். அந்தக் கதகதப்பான நாளிலும் வாயு கசிந்திருக்கிறது. அப்படியானால் குளிருக்கும் கசிவுக்கும் என்ன சம்பந்தம்? பாய்ஷோலியிடம் பதில் இருந்தது. 75 டிகிரியில் படிந்த கரி சாம்பல் நிறம், படிந்த இடமும் குறைவு. 53 டிகிரியில் படிந்ததோ அட்டைக் கரி, பரவிய இடமும் பெரிது. புகைப்படங்களையும் அவர் வைத்திருந்தார். ஆனால் உங்கள் பயத்தை எண்ணால் நிரூபியுங்கள் என்று கேட்டபோது அவரால் முடியவில்லை. கைவசமுள்ள விவரங்களை வைத்துப் பார்த்தால் நிலைமை மோசமாகும் திசையில் போகிறது என்று மட்டுமே சொல்ல முடிந்ததாக அவர் பிறகு விசாரணையில் சாட்சியம் அளித்தார்.

தனியாக ஆலோசிக்க ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்ட தியோகால் நிர்வாகம் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. பாய்ஷோலியும் சக எஞ்சினியர் ஆர்னி தாம்ப்சனும் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்கள். ஒருவர் காகிதத்தில் இணைப்பை வரைந்து காட்டினார். மற்றவர் புகைப்படங்களை மேஜைமேல் வைத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் இருவரும் நாற்காலிக்குத் திரும்பினார்கள். எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி துணைத் தலைவர் ஒருவருக்கு மூத்த நிர்வாகி சொன்னது அப்போதுதான். கிளப்பலாம் என்று நிறுவனம் கையெழுத்திட்டு அனுப்பியது. ஃப்ளோரிடாவில் இருந்த நிறுவனத்தின் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

இரண்டு படங்கள்

விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் தன் அறிக்கையில் இரண்டு படங்களை அருகருகே வைத்தது. படுக்கைக் கோட்டில் வெப்பநிலை. செங்குத்துக் கோட்டில் பாதிப்புகளின் எண்ணிக்கை. முதல் படத்தில் பாதிப்பு ஏற்பட்ட ஏழு பயணங்கள் மட்டும். புள்ளிகள் 53-லிருந்து 75 வரை சிதறிக் கிடக்கின்றன. குளிரிலும் பாதிப்பு, வெயிலிலும் பாதிப்பு. எந்த ஒழுங்கும் தெரியவில்லை.

இரண்டாவது படத்தில் ஒரே ஒரு மாற்றம். எந்தப் பாதிப்பும் இல்லாமல் நல்லபடியாக முடிந்த பயணங்களும் சேர்க்கப்பட்டன. அவற்றின் புள்ளிகள் எல்லாம் பூஜ்யக் கோட்டில், 66 டிகிரிக்கு மேலே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. 65 டிகிரிக்குக் கீழே பூஜ்யத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆணையம் போட்ட கணக்கு இது: 66 டிகிரியிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் பாதிப்பு மூன்றில் மட்டும். அதற்குக் கீழே நடந்தவை நான்கு. நான்கிலும் பாதிப்பு.

புதிதாக எந்தச் சோதனையும் நடத்தப்படவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று ஒதுக்கிவைத்த பயணங்கள்தான் குளிரின் குணத்தைக் காட்டிக்கொடுத்தன. கெட்டுப்போனது எப்போது என்று தெரிய வேண்டுமானால் கெடாமல் இருந்தது எப்போது என்றும் தெரிய வேண்டும்.

இன்னொரு விஷயமும் அந்தப் படத்தில் இருக்கிறது. புள்ளிகள் 53 டிகிரியோடு நின்றுவிடுகின்றன. மறுநாள் காலை வளையம் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும் என்பது எஞ்சினியர்களின் கணிப்பு. அதாவது, எந்தப் பயணமும் போகாத இடத்துக்கு சேலஞ்சர் போகப்போகிறது. அந்த வெற்றிடம் கண்ணில் பட்டிருந்தாலே கை தயங்கியிருக்கும். தலால், ஃபோல்க்ஸ், ஹோட்லி என்ற மூன்று புள்ளியியல் நிபுணர்கள் விபத்துக்கு முன்பே கைவசம் இருந்த விவரங்களைக் கொண்டு 1989-ல் கணக்கிட்டார்கள். 31 டிகிரியில் வளையம் பழுதாகி விபரீதம் நேரும் வாய்ப்பு குறைந்தது 13 சதவீதம். 60 டிகிரி வரும்வரை தள்ளிப்போட்டிருந்தால் அது 2 சதவீத அளவுக்கு இறங்கியிருக்கும்.

இதில் பழி யார் மேல்? தகவல்களைக் காட்சிப்படுத்தும் துறையில் பெயர்பெற்ற எட்வர்ட் டஃப்டி 1997-ல் தன் நூலில் எஞ்சினியர்களின் தாள்களைக் கடுமையாக விமர்சித்தார். சரியான படம் ஒன்றை வரைந்திருந்தால் சேலஞ்சர் கிளம்பியிருக்காது என்பது அவர் வாதம். 2002-ல் பாய்ஷோலியும் மூன்று பேரும் சேர்ந்து இதற்குப் பதில் எழுதினார்கள். டஃப்டி வரைந்த படத்துக்கு வேண்டிய விவரங்கள் எல்லாம் அன்றிரவு எஞ்சினியர்கள் கையில் இல்லை. காற்றின் வெப்பநிலை வேறு, வளையத்தின் வெப்பநிலை வேறு, அதை டஃப்டி குழப்பிவிட்டார் என்றார்கள் அவர்கள். தவிர, பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் கிளப்பலாம் என்பது வழக்கம். அன்றிரவு மட்டும் ஆபத்தானது என்று நிரூபித்தால்தான் நிறுத்துவோம் என்று ஆகிவிட்டது. அந்த நிலையில் ஒரு நல்ல படம் எவ்வளவு தூரம் உதவியிருக்கும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் எல்லாப் பயணங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

ரெக்கார்டு நோட்டுப் பழக்கம்

இது அமெரிக்க விண்வெளித் துறையின் தனிக்கதை என்று ஒதுக்க முடியாது. இந்தியக் கல்லூரிகளில் இயற்பியல் பிராக்டிகல் வகுப்பைக் கடந்து வந்தவர்கள் ஊசல் சோதனையை மறந்திருக்க மாட்டார்கள். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். 9.1 வந்தால் மார்க் போய்விடும் என்ற பயம். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதுவதும், கிராஃப் தாளில் கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளியை ரப்பரால் அழிப்பதும் பல மாணவர்களுக்கு முதல் ஆண்டிலேயே கைவந்துவிடுகிறது. விலகி நின்ற அந்தப் புள்ளி கடிகாரத்தை நிறுத்தத் தாமதித்ததைச் சொல்லியிருக்கலாம். நூலின் நீளத்தைத் தவறாக அளந்ததைச் சொல்லியிருக்கலாம். அழித்த பிறகு அது எதையும் சொல்லாது.

சராசரியை மட்டும் நம்புவது இன்னொரு பழக்கம். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஃபிராங்க் ஆன்ஸ்கோம் 1973-ல் நான்கு சிறிய பட்டியல்களை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நான்கிலும் சராசரி ஒன்றே, எண்களின் பரவல் ஏறக்குறைய ஒன்றே, அவற்றுக்குப் பொருந்தும் நேர்க்கோடும் ஒன்றே. ஆனால் படமாக வரைந்தால் ஒன்று சாதாரணச் சிதறல். ஒன்று வளைகோடு. ஒன்றில் நேர்க்கோட்டிலிருந்து ஒரே ஒரு புள்ளி எகிறி நிற்கிறது. கடைசியில் ஒரே ஒரு புள்ளிதான் கோட்டையே தீர்மானிக்கிறது. கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும் விடையை வாங்கிக்கொண்டு எண்களைக் கண்ணால் பார்க்காமல் விடும் ஆய்வாளர்களுக்கு ஆன்ஸ்கோம் விடுத்த எச்சரிக்கை இது. எண்களை முதலில் வரைந்து பார், பிறகு கணக்குப் போடு.

640 மடங்கு

சேலஞ்சர் விபத்துக்குப் பிறகு நாசா பாடம் கற்றுக்கொண்டது என்றே உலகம் நம்பியது. 17 ஆண்டுகள் கழித்து, 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பியது. ஏழு பேர் கொண்ட குழுவில் ஹரியானாவின் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். சண்டிகரில் விமானப் பொறியியல் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றவர். பறக்கும் பொருளைச் சுற்றிக் காற்று எப்படிப் பாய்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணிப்பது அவருடைய துறை. அவருக்கு அது இரண்டாவது விண்வெளிப் பயணம். 16 நாட்கள், இரவும் பகலும் இரண்டு ஷிப்டுகளில் சுமார் 80 சோதனைகள் என்பது குழுவின் வேலைத் திட்டம்.

கிளம்பி 82 வினாடிகளில், வெளித் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. மறுநாள் படச்சுருளைப் பார்த்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். இறக்கைக்குச் சேதம் உண்டா? போயிங் நிறுவன எஞ்சினியர்கள், 'கிரேட்டர்' என்ற கணக்கு முறையைக் கொண்டு ஆராய்ந்து, ஜனவரி 24-ல் முடிவுகளைத் திரையில் போட்டுக் காட்டினார்கள்.

அந்தக் காட்சித் தாள்களில் ஒன்று பிறகு உலகப் புகழ் பெற்றது. அதன் தலைப்பு, கிடைத்துள்ள சோதனை விவரங்கள் பயத்துக்கு இடமில்லாத பக்கமே சாய்கின்றன என்ற தொனியில் இருந்தது. அதற்குக் கீழே புள்ளி வைத்து, உட்புள்ளி வைத்து, அதற்கும் உள்ளே கோடு போட்டுக் கிளை கிளையாக வரிகள். 'குறிப்பிடத்தக்க' என்று பொருள்படும் சொல் ஐந்து இடங்களில் வருகிறது. எவ்வளவு என்று ஓர் இடத்திலும் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில், உண்மை ஒளிந்திருந்தது. சோதனையில் ஓடுகள் மீது எறிந்து பார்த்த நுரைத் துண்டின் அளவு 3 கன அங்குலம். கொலம்பியா மீது மோதியதாக மதிப்பிடப்பட்ட துண்டு 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு.

சேலஞ்சரின் 53 டிகிரியும் கொலம்பியாவின் 3 கன அங்குலமும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. சோதனை முடிந்த இடத்துக்கு அப்பால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. தலைப்பில் வந்திருக்க வேண்டிய அந்தச் செய்தி கடைசி வரிக்குப் போனது. வேலை மிகுந்த அதிகாரி தலைப்பைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். சுற்றுப்பாதையில் இருக்கும் விண்ணோடத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று எஞ்சினியர்கள் தரப்பிலிருந்து மூன்று கோரிக்கைகள் எழுந்தன. மூன்றும் கைவிடப்பட்டன.

பிப்ரவரி 1 காலை, தரையிறங்க 16 நிமிடங்கள் இருக்கையில், டெக்சாஸ் மாநிலத்தின் மேலே கொலம்பியா சிதறியது. இந்தியா தன் வானிலைச் செயற்கைக்கோளான மெட்சாட்டுக்குக் கல்பனா-1 என்று பெயர் சூட்டியது அடுத்த சில நாட்களில்தான்.

நுரைத் துண்டு உண்மையில் மோதியது ஓடுகள் மேல் அல்ல, இறக்கையின் முன்விளிம்பில் இருந்த கரிமத் தகட்டின் மேல் என்று விசாரணையில் தெரியவந்தது. ஒரு நுரைத் துண்டா அதை உடைத்திருக்கும் என்று பலர் நம்பவில்லை. 2003 ஜூலை 7 அன்று சான் ஆன்டோனியோவில் அதையும் சோதித்தார்கள். முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டை மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் அதே மாதிரித் தகட்டின் மேல் ஏவினார்கள். சுமார் 16 அங்குல அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. விபத்துக்கு முன்பு யாரும் செய்து பார்க்காத சோதனை அது.

ஆகஸ்டில் வெளியான விசாரணை வாரியத்தின் அறிக்கை, அந்த ஒரு காட்சித் தாளுக்கென்றே தனியாக ஒரு பகுதி ஒதுக்கியது. முழுமையான தொழில்நுட்பக் கட்டுரைக்குப் பதிலாகத் திரையில் ஓடும் துண்டு வரிகளை நம்புவது நாசாவில் ஊறிப்போன பழக்கமாகிவிட்டது என்று கண்டித்தது. ஆபத்து முன்பே தெரிந்திருந்தால் மற்றொரு விண்ணோடமான அட்லான்டிஸை அனுப்பி வீரர்களை மீட்க வாய்ப்பு இருந்தது என்றும் ஆராய்ந்து சொன்னது.

இந்த இரு விபத்துகளையும் அறிந்தவர்களுக்கு, சோதனை முடிவை எடுத்துச் சொல்லும் முறை வெறும் அலங்கார விஷயம் அல்ல என்பது புரியும். அளந்த எல்லாவற்றையும் காட்ட வேண்டும், ஒன்றும் நடக்காதவற்றையும் சேர்த்து. விலக்கிய எண் இருந்தால் ஏன் விலக்கினோம் என்று எழுத வேண்டும். எந்த எல்லைவரை சோதித்தோம், கேட்கப்படும் கேள்வி அந்த எல்லைக்கு எவ்வளவு வெளியே என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். எவ்வளவு என்பதற்கு எண் வேண்டும், அந்த எண்ணில் எவ்வளவு பிசகலாம் என்பதும் வேண்டும். இதற்கெல்லாம் உயர்ந்த கணிதம் தேவையில்லை. பாய்ஷோலிக்கு அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1988-ல் விருது கொடுத்தது. 2012-ல் அவர் காலமானார்.

கொலம்பியாவில் செய்யப்பட்ட சோதனைகளில் ஒன்று செனான் வாயுவைப் பற்றியது. கலக்கும்போது அதன் குழைவு எப்படி மாறுகிறது என்று ஈர்ப்பு விசையின் தொந்தரவு இல்லாத இடத்தில் பார்ப்பது நோக்கம். பதிவான விவரங்களில் ஒரு பகுதி பயணத்தின்போதே பூமிக்கு வந்துவிட்டது. மிச்சம் ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தது. டெக்சாஸில் சிதறிக் கிடந்த பொருட்களுக்கிடையே, கருகி உருக்குலைந்த நிலையில் அது கிடைத்தது. நிபுணர்கள் பொறுமையாகச் சுத்தம் செய்து அதிலிருந்த விவரங்களில் 99 சதவீதத்தை மீட்டார்கள். ஆய்வு முடிவு 2008-ல் இயற்பியல் இதழ் ஒன்றில் வெளியானது. கலக்கக் கலக்க செனானின் குழைவு குறைகிறது என்ற கணிப்பு சரிதான் என்று உறுதியானது.

ஏழு பேரும் உயிரோடு இருந்தபோது எடுத்த அளவுகள் அவை. ஐந்து ஆண்டுகள் கழித்து, ஏறக்குறைய ஒன்றும் விடுபடாமல், படமாக வரையப்பட்டு, உரியவர்களின் பார்வைக்குப் போய்ச் சேர்ந்தன.